வயதா, சக்தியா?



"ஹஜ்ரத், எனக்கு அறுபது ஆகிவிட்டது. இனி நாற்காலியில் உட்கார்ந்து தொழலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்களால் நிற்க முடிகிறதா?" ஃபர்ளுத் தொழுகையில் நிற்பதற்கும் ரமளான் நோன்புக்கும் நம் மார்க்கம், இந்த வயதோடு கடமை முடிந்தது என்று எல்லை வைக்கவில்லை. சக்தியைத்தான் பார்க்கிறது. ஐம்பதில் முடங்கியவருக்குச் சலுகை உண்டு. எண்பதிலும் நிற்க முடிந்தவர் நின்றுதான் தொழ வேண்டும்.

மருத்துவ ஆய்வாளர்களும் இன்று இதையே கேட்கிறார்கள். ஆதார் அட்டையில் உள்ள வயது வேறு, உடலின் வயது வேறு. 2013-இல் ஸ்டீவ் ஹார்வத் என்ற ஆய்வாளர், டிஎன்ஏவில் 353 இடங்களில் உள்ள வேதிக் குறிகளைக் கொண்டு வயதைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். அவ்வளவு தூரம் போகாமலேயே ஓர் அடையாளம் உண்டு: நடை. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 34,485 பேரின் விவரங்களைத் திரட்டிய ஆய்வு ஒன்று 2011-இல் அமெரிக்காவில் வெளியானது. ஒரே வயதுடையவர்களிலும் வேகமாக நடந்தவர்கள் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று அது காட்டியது.

சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். அது பலரைப் பற்றிய கணக்கு. உங்கள் அஜலை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

அப்படியானால் இந்தக் கணக்கு நமக்கு எதற்கு? இரண்டு தவறுகளிலிருந்து நம்மைக் காத்துக்கொள்ள.

ஒன்று, "அத்தாவுக்கு எண்பது ஆகிவிட்டது, இனி எதற்குக் கண் ஆபரேஷன்?" என்று பிள்ளைகள் பேசுவது. பிறந்த தேதியை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவருடைய தெம்பை மருத்துவர் பார்க்கட்டும். அவருடைய விருப்பத்தை நீங்கள் கேளுங்கள்.

இரண்டு, "எனக்கென்ன, நாற்பதுதானே" என்ற அலட்சியம். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும்போது இது எனக்கும் சேர்த்துத்தான் என்று உணர்கிறேன். உடல் நம்மிடம் உள்ள அமானிதம்.

அதே நேரத்தில், தளர்ந்த உடலைக் கண்டு எவரையும் குறை சொல்லாதீர்கள். வெயிலில் சுமை தூக்கியே முதுமை முந்திக்கொண்டவர்கள் நம் ஸஃப்பிலேயே நிற்கிறார்கள். பலவீனம் பாவமல்ல. சக்தி இருந்தும் வீணாக்கியதற்குத்தான் நாளை கேள்வி உண்டு.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் பெற்றோரோடு தெருமுனை வரை நடந்து பாருங்கள். அவர்களுடைய நடையையும் உங்களுடைய நடையையும் கவனியுங்கள்.

தந்த சக்தியைத் தந்தவனுக்காகவே செலவிடும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.