கட்டளையும் மனச்சாட்சியும்

எட்டாம் தரத்துப் பிள்ளைகளுடன் ஊர்காவற்றுறைப் பக்கம் போயிருந்த ஒரு நாளில் அராலி முனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1992 ஓகஸ்ட் 8 அன்று ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ சென்ற வாகனம் வெடியில் சிக்கியது அங்கேதான். விஜய விமலரத்ன, கடற்படையின் மொஹான் ஜயமஹா முதலிய அதிகாரிகளும் அதில் பலியாயினர். கேட்டுக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், "சேர், அவர் நல்லவரா கெட்டவரா?" என்றான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

1940இல் பிறந்து, கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்டில் இராணுவப் பயிற்சி பெற்றவர் அவர். 1987 மே மாதம் தொடங்கிய வடமராட்சி நடவடிக்கையில் ஒரு படையணியை நடத்தினார். 1991இல் ஆனையிறவு முகாம் முற்றுகையிடப்பட்டபோது, வெற்றிலைக்கேணிக் கரையில் இறங்கி முகாமை மீட்ட படைக்குத் தலைமை தாங்கினார். சிப்பாய்களோடு சேர்ந்து நின்ற தளபதி என்று தெற்கு அவரை நேசித்தது. இறந்தபின் லெப்டினன்ட் ஜெனரலாக உயர்த்தப்பட்டார்.

வடமராட்சி மக்களிடம் கேட்டால் கணக்கு வேறு. அதே 1987இல் கோவில்களிலும் பாடசாலைகளிலும் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீதும் ஷெல் விழுந்தது. அல்வாய் முத்துமாரி அம்மன் கோவிலை அவர்கள் மறக்கவில்லை. அந்த ஷெல்லை ஏவச் சொன்னவர் கொப்பேகடுவ என்று நான் கூறவில்லை. அவர் நடத்திய போரில் அதுவும் நடந்தது என்கிறேன்.

தன் ஆட்கள் ஒருவரை நேசித்தார்கள் என்பதே அவர் நல்லவர் என்பதற்குச் சான்றாகிவிடுமா? 1990 ஒக்டோபர் 30 அன்று ஜின்னா மைதானத்தில் எங்கள் சமூகம் கூட்டப்பட்டபோது எனக்குப் பத்து வயது. வாப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். துப்பாக்கியோடு நின்ற இளைஞர்களும் யாரோ தாய்மாரின் அருமைப் பிள்ளைகள். தோழனுக்காக உயிரையும் கொடுக்கக்கூடியவர்கள். உம்மாவின் கைப்பையைச் சோதித்தவன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மனமும் உறுத்தியிருக்கலாம். ஆனால் "இது தகாது" என்று அவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

இந்த இடத்தில் பாகிஸ்தானின் ஜெனரல் சாஹிப்சாதா யாகூப் கான் நினைவுக்கு வருகிறார். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானின் படைத்தளபதியாக இருந்தவர். அங்கே அடக்குமுறைக்கான திட்டமொன்றை முன்பு வகுத்தவரும் அவரே. ஆனால் மார்ச் மாதம் வந்தபோது, அரசியல் சிக்கலைத் துப்பாக்கியால் தீர்க்க முடியாது என்று கூறிப் பதவி விலகினார். அவருடைய தரம் குறைக்கப்பட்டது. அவருடைய இடத்துக்கு டிக்கா கான் வந்தார். அந்த மாதமே டாக்காவில் இரத்தம் ஓடியது. ஒருவர் விலகியதால் கொலை நிற்கவில்லை. ஆயினும் அந்த இரத்தத்தில் தன் கை படக்கூடாது என்று ஒரு தளபதி முடிவெடுத்தார். பின்னாளில் வெளிநாட்டமைச்சராகவும் இருந்து 2016இல் மறைந்தார்.

நம் மார்க்கத்தில் இது புதிய பாடமல்ல. கோபங்கொண்ட தளபதி ஒருவர் நெருப்பு மூட்டி அதற்குள் இறங்குமாறு தம் படையினருக்குக் கட்டளையிட்டார். அவர்கள் தயங்கி நின்றுவிட்டார்கள். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் அந்தத் தயக்கத்தைச் சரிகண்டார்கள். கீழ்ப்படிதல் நன்மையான காரியத்தில் மட்டுமே என்று தெளிவுபடுத்தினார்கள்.

இதை எழுதும்போது எனக்கே ஒரு சங்கடம். ஆசிரிய கலாசாலையிலிருந்து வந்த நாள் முதல் நான் பிள்ளைகளுக்குச் சொல்லி வருவது "சொன்னதைக் கேள்" என்பதைத்தான். வரிசையில் நிற்கச் சொன்னேன். எதிர்த்துப் பேசியவனை வெளியே நிறுத்தினேன். மைதானத்தில் மௌனமாக நின்ற அந்த இளைஞர்களுக்கும் என்னைப் போன்ற ஓர் ஆசிரியர்தானே முதலில் கீழ்ப்படியக் கற்றுக்கொடுத்திருப்பார்?

மறுநாள் அந்த மாணவனைக் கூப்பிட்டேன். "அவர் எப்படிப்பட்டவர் என்று அவருடைய சிப்பாய்களிடம் மட்டும் கேட்காதே. அவருடைய படை வந்தபோது வீட்டைவிட்டு ஓடியவர்களிடமும் கேள். யாரைப் பற்றிக் கேட்டாலும் அப்படியே கேள், எங்கள் ஆட்களைப் பற்றியும்" என்றேன். "உங்களைப் பற்றியும் கேட்கலாமா சேர்?" என்றான்.

வேறு நாளாக இருந்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன். அன்று, "கேள்" என்றேன்.