மறுமொழி சொல்ல முடியாத பேச்சு

கருத்துச் சுதந்திரம் என்ற சொல்லை அகதிகளாகிய நாங்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த நாட்களிலேயே 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. பின்னர் எத்தனையோ வாய்கள், எல்லாத் தரப்பாலும், மூடப்பட்டன. ஆகவே ஓர் அரசு 'இதைச் சொல்லக்கூடாது' என்று சட்டம் போட்டால், எதைப் பற்றிய சட்டம் என்று பார்க்க முன்னரே எங்கள் மனம் அதைச் சந்தேகிக்கிறது. சிகரட் விளம்பரத் தடையையும் இந்தச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கனடா 1988இல் புகையிலை விளம்பரங்களைச் சட்டத்தால் தடைசெய்தது. கம்பனிகள் வழக்குப் போட்டன. தடை கருத்துச் சுதந்திரத்தை மீறுகிறது, குறைந்த அளவு தடை போதாது என்பதை அரசு நிரூபிக்கவில்லை என்று சொல்லி, 1995 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. ஒன்பது நீதிபதிகளில் ஐவரின் முடிவு அது. கம்பனிகள் பிடித்துக்கொண்டது 1982ஆம் ஆண்டின் உரிமைகள் சுதந்திரங்கள் சாசனத்தை. இதே நீதிமன்றம்தான் 1985இல், சிங் வழக்கில், அகதி விண்ணப்பதாரியை நேரில் பேசவிடாமல் கடதாசியை மட்டும் பார்த்து மறுக்கக்கூடாது என்றது. தீர்ப்பளித்த ஆறு நீதிபதிகளில் மூவர் இதே சாசனத்தை ஆதாரமாகக் கொண்டார்கள். எங்களுக்குப் பேச இடம் தந்த ஏடு கம்பனிக்கும் இடம் தந்திருக்கிறது. அப்படியானால் கம்பனியின் வாயை மூடுவது நியாயமா?

எங்கள் பேச்சு எப்படிப்பட்டது என்று முதலில் பார்ப்போம். விசாரணை அறையில் எந்தத் திகதி, எந்த முகாம், எங்கே அத்தாட்சி என்று கேட்பார்கள். சொன்ன ஒவ்வொரு சொல்லும் சோதிக்கப்படும். கம்பனியின் பேச்சு வேறு. 1988ஆம் ஆண்டுச் சட்டம் கம்பனியின் பெயரில் அனுசரணை வழங்க இடம் விட்டிருந்தது. உடனே சிகரட்டின் பெயரிலேயே புதிய கம்பனிகள் பதிவாகின. டு மோரியர் என்ற பெயரில் ஜாஸ் விழாவும் ரெனிஸ் போட்டியும் வந்தன. பென்சன் அன்ட் ஹெட்ஜஸ் பெயரில் ஒன்ராறியோ பிளேஸ் ஏரிக்கரையில் வாணவேடிக்கை நடந்தது. வாணவேடிக்கை எதையும் வாதிடவில்லை, ஆகவே அது பொய்யும் சொல்லவில்லை. 'சிகரட் நல்லது' என்று ஒருவர் சொன்னால் 'இல்லை' என்று மறுக்கலாம். வானத்தில் விரியும் ஒளியை எப்படி மறுப்பது? மறுமொழிக்கு இடமில்லாமல் பேசுவதுதான் அனுசரணையின் பலம்.

அது கொடையாக வருவதால் இன்னும் பலம். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். கைநீட்டி வாங்கியவர் வாய் திறக்க யோசிப்பார். 1997இல் புதிய சட்டம் அனுசரணையைக் கட்டுப்படுத்த வந்தபோது, காசு பெற்ற கலை, விளையாட்டு அமைப்புகள் பல அதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. அவர்கள் கெட்டவர்களல்ல, தங்கள் மேடை போய்விடும் என்று பயந்தவர்கள். 2003 ஒக்டோபரோடு அனுசரணை விளம்பரம் முற்றாகத் தடையானது. ஜாஸ் விழாவும் ரெனிஸ் போட்டியும் வேறு அனுசரணையாளர்களோடு இன்றும் நடக்கின்றன.

'விரும்பியவன் பத்துகிறான், அரசுக்கென்ன?' என்று கேட்பவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. நாங்கள் வேலை செய்த குசினிகளில் சிகரட் பத்துபவனுக்குப் பின்கதவடியில் ஐந்து நிமிடம் கிடைக்கும். சும்மா நிற்பவனிடம் வெங்காய மூட்டையைக் காட்டுவார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே பழகிய பெடியன்களை எங்களுக்குத் தெரியும். அதை விருப்பம் என்று சொல்லலாமா? விளம்பரத் தடை இந்தப் பின்கதவுவரை வராது என்பதும் உண்மைதான். ஆனால் ஆசை தானாக முளைப்பதில்லை, அதை விதைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை இந்தக் கதவடி காட்டுகிறது. யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டத்துக் காசில் படித்த பிள்ளைகள் எங்களில் பலர். பயிரிட்டவர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஆசையை விற்கும் முறைதான் இங்கே கேள்வி.

இலங்கையும் 2006இல் புகையிலை விளம்பரத்தையும் அனுசரணையையும் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டு மே மாதம் யாழ்ப்பாணத்தில் 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைக் கொன்றார்கள். இரண்டையும் தடை என்ற ஒரே சொல்லுக்குள் போட முடியாது. ஒன்று பாராளுமன்றத்தில் வாதிடப்பட்டது, நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக்கூடியது. மற்றது காரணம் சொல்லாமல் வந்து போனது.

கனேடிய அரசும் 1995இல் தோற்றது. பின்னர் 1997இல் ஒடுக்கமான ஒரு சட்டத்தை எழுதி, அதற்கான காரணங்களை நீதிமன்றத்தில் வைத்தது. 2007 யூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏகமனதாக ஏற்றது. இடையில் போன பன்னிரண்டு ஆண்டுகள் சின்ன விலையல்ல. அந்தக் காலத்திலும் ஆட்கள் புகைத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும், காரணம் கேட்கப்பட்டுக் காரணம் சொன்ன தடை என்பதால்தான் நாங்கள் அதை ஏற்கிறோம். மறுமொழி சொல்ல முடியாத பேச்சும், மறுமொழி சொல்லாத தடையும் மனிதரை ஒரே விதமாகத்தான் நடத்துகின்றன.

இந்த அளவுகோலை எங்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். ஸ்காபரோ மண்டபங்களில் எங்கள் விழா மேடைகளுக்குப் பின்னாலும் அனுசரணையாளர்களின் பெயர்கள் தொங்குகின்றன. அவை சிகரட் கம்பனிகளல்ல. ஆனாலும் அந்த மேடையில் எதைப் பேச முடியாது என்று விழா நடத்துகிறவர்களிடம் கேட்பது எங்கள் வேலை.