வீரசுவர்க்கம் யாருக்கு?

போரில் விழுந்தவனுக்கு மேலுலகம் உறுதி என்று சொல்லிக் களத்துக்கு அனுப்புவது அறமாகுமா?

வட ஐரோப்பியரின் பழங்கதைகளில் ஓடின் என்னும் தெய்வத்துக்கு வல்ஹல்லா என்றொரு மண்டபம் உண்டு. களத்தில் மாண்டவர்களில் பாதிப்பேரை வால்கிரிகள் என்னும் தேவமகளிர் தேர்ந்தெடுத்து அங்கே சேர்ப்பார்கள். மறுபாதி ஃப்ரேயா தேவியின் பங்கு. மண்டபம் சேர்ந்தவர்கள் பகலெல்லாம் தமக்குள் பொருது விழுவார்கள். மாலையில் எழுந்து விருந்துண்பார்கள். நோயிலும் முதுமையிலும் இறந்தவர்களுக்கு ஹெல் என்னும் கீழுலகம். ஓடின் வீரர்களைச் சேர்ப்பது அன்பினால் அன்று. உலகம் அழியும் நாளில் தன் பக்கம் நின்று போரிட அவனுக்கு ஆள் வேண்டும்.

தமிழரிடமும் இதற்கு நெருங்கிய எண்ணம் இருந்தது. களத்தில் பட்டவனுக்குக் கல் நட்டு, பெயரும் செயலும் பொறித்து, படையலிட்டு வணங்கினார்கள். நோயில் மாண்ட அரசரின் உடலைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, வாளால் பிளந்த பிறகே அடக்கம் செய்த வழக்கத்தைப் புறநானூறு சொல்கிறது. வாள்படாத உடலுக்கு வீரர் உலகில் இடமில்லை என்ற அச்சம் இறந்தவனையும் விடவில்லை.

இந்த அளவுகோல் சரியானதா என்பதற்கு, இலங்கையில் கட்டுகஸ்தோட்டைக்கு அருகே மகாவலிக் கரையில் உள்ள வட்டப்புளுவ ஒரு சோதனைக்களம். 1803 தொடக்கத்தில் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர், நாயக்கர் வமிசத்து முத்துசாமியை அரசனாக்கிவிட்டு, ஒரு காவற்படையை அங்கே நிறுத்தினார்கள். காய்ச்சல் அந்தப் படையைத் தின்றது. ஜூன் 24ஆம் திகதி அதன் தலைவர் மேஜர் டேவி சரணடைந்து, முத்துசாமியுடன் நகரை விட்டு வெளியேறினார். வட்டப்புளுவவில் பெருகி ஓடிய ஆறு வழிமறித்தது. கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆட்கள் முத்துசாமியைக் கேட்டார்கள். டேவி முதலில் மறுத்தார், பிறகு ஒப்படைத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். அடுத்து, ஆயுதம் இழந்த ஆங்கிலச் சிப்பாய்கள் வெட்டப்பட்டார்கள். கண்டியில் விட்டுவரப்பட்ட நோயாளிகள் கிடந்த இடத்திலேயே கொல்லப்பட்டார்கள். மலாய்ப் படைத்தலைவர் நூருதீன், கண்டி அரசனிடம் பணிபுரிய மறுத்து உயிரைக் கொடுத்தார்.

இவர்களில் யாருக்கு வல்ஹல்லாவின் கதவு திறக்கும்? காய்ச்சலில் செத்தவனுக்குத் திறக்காது. அவன் பக்கத்தில் படுத்திருந்து வாளுக்கு இரையானவனுக்குத் திறந்தாலும் திறக்கும். நம்பி வந்தவனை ஒப்படைத்த டேவி பின்னர் ஒரு சண்டையில் விழுந்திருந்தால் அவருக்கும் இடம் உண்டு. கொடுத்த வாக்குக்காக இறந்த நூருதீனும், பிறர் மண்ணைப் பிடிக்க வந்து இறந்தவனும், தன் மண்ணைக் காத்து இறந்த கண்டி வீரனும் அந்த வாசலில் ஒன்றே. எப்படிச் செத்தாய் என்று மட்டும் கேட்கும் கதவு அது. எதற்காக, யாரைக் கொன்று, எந்த வாக்கைக் காத்து என்று அது கேட்பதில்லை. அறம் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதாம்.

அப்படியானால் ஊருக்காக உயிர் கொடுத்தவனுக்கு என்ன கைம்மாறு என்று கேட்பது நியாயமே. பிள்ளையை இழந்த தாய்க்கு, அவன் நல்லுலகில் இருக்கிறான் என்ற நம்பிக்கை பெரிய ஆறுதல். அதைப் பறிக்க எவருக்கும் மனம் வரக்கூடாது. ஆனால் தாய் தன் துயரத்தில் நம்புவது வேறு, படை திரட்டுபவன் முன்கூட்டியே வாக்களிப்பது வேறு. ஊனமுற்றவனைப் பராமரிப்பதும், அநாதையான பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் தருவதும், போர் ஏன் நடந்தது என்ற உண்மையைச் சொல்வதும் ஊர் பட்ட கடன். சுவர்க்கத்தைக் காட்டுபவன் அந்தக் கடனை மறுமையின் கணக்கில் எழுதிவிட்டுத் தப்பிக்கிறான்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து வடக்கே போகும் யாழ்ப்பாண வீதியில், மாத்தளைக்கு அப்பால் அலுவிகாரை இருக்கிறது. பௌத்தத்தின் பாளி நூல்கள் முதன்முதலில் ஏட்டில் ஏறியது அங்கே என்பது மரபு. அவற்றுள் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில் ஒரு படைவீரன், போரில் விழுபவன் மேலுலகம் போவானா என்ற கேள்வியோடு புத்தரிடம் வருகிறான். கேட்காதே என்று புத்தர் மீண்டும் மீண்டும் தடுக்கிறார். அவன் விடாது கேட்கவே, பிறரைக் கொல்லும் எண்ணத்தோடு இறப்பவன் போவது நரகம் என்கிறார். வீரன் அழுகிறான். அந்தப் பதிலுக்காக அல்ல, தன் முன்னோர்களும் ஆசிரியர்களும் இத்தனை காலம் தன்னை ஏமாற்றியதற்காக அழுகிறான். தீர்ப்பின் கடுமையை ஏற்காதவர்களும் அந்த அழுகையின் நியாயத்தை மறுக்க முடியாது.

1983 முதல் 2009 வரை இலங்கையில் நீடித்த போரில் ஒரு தரப்பு தன் மாண்டவர்களை ரணவிரு என்றது, மறுதரப்பு மாவீரர் என்றது. இரண்டு பக்கத்திலும் தாய்மார் இன்னும் அழுகிறார்கள். தன் பிள்ளைக்கு விளக்கேற்றும் உரிமையை எந்தத் தாய்க்கும் மறுக்கலாகாது. அந்த விளக்கைக் காட்டி இன்னொருத்தியின் பிள்ளையைக் களத்துக்கு அழைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.