கறள்

கறள் வெளியிலிருந்துதான் வரும் என்று நெடுநாளாய் நம்பியிருந்தேன். டென்மார்க்கில் ஒரு பண்ணையின் மாட்டுக்கொட்டில் கதவு அதைக் கெடுத்தது.

சதுரக் குழாய்ச் சட்டத்தில் தகரம் அடித்த கதவு. பெயின்ற் நன்றாகவே இருந்தது. கீழ்ச் சட்டத்தில் சுத்தியலால் தட்டினேன். சுத்தியல் உள்ளே போய்விட்டது. குழாய்க்குள் ஈரக்காற்று குளிர்ந்து நீராகிக் கீழே இறங்கி, வெளியேற வழியில்லாமல் வருடக்கணக்காய்க் கிடந்திருக்கிறது. வெளியே சாணமும் மூத்திரமும் தம் பங்குக்கு. தான் தின்ற இரும்பைவிடக் கறள் கூடுதல் இடம் பிடிக்கும். அதனால்தான் சட்டம் வீங்கி வெடிக்கிறது.

மேலால் ஒரு தகட்டை ஒட்டிப் பெயின்ற் அடித்துவிடலாம் என்றேன். பண்ணைக்காரக் கிழவர் சம்மதிக்கவில்லை. கறளில் ஒட்டுப் பிடிக்காது, மெலிந்த இரும்பு உருகி ஓட்டையாகும். மினுங்கும் இரும்பு தெரியும்வரை வெட்டு என்றார். நிலைக்குழாய்களில் பத்துச் சென்ரிமீற்றர் வெட்டினேன். உள்ளே கறுப்பு. இன்னும் பத்து. இப்படியே போனால் கதவென்று எது மிஞ்சும்?

தீசியசின் கப்பலைப் பற்றிப் புளூட்டாக் எழுதியிருக்கிறார். உக்கிய பலகைகளை ஏதென்ஸ்காரர் மாற்றிக்கொண்டே வந்தார்களாம். அது பழைய கப்பலா, புதியதா என்று தத்துவவாதிகள் சண்டை. கழற்றிய பலகைகளைக் கொண்டு இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையானது என்று 1655இல் ஹொப்ஸ் கேட்டார். எனக்கு இந்தச் சண்டையில் அக்கறை குறைவு. பலகை உக்கிவிட்டதென்று தீர்மானித்தது யார் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

எங்கள் இயக்கங்களும் வெட்டின. 1986இல் ரெலோ இளைஞர்களைப் புலிகள் கொன்றபோது நாங்கள் பலர் வாய்திறக்கவில்லை. துரோகி, களையெடுப்பு என்ற சொற்களெல்லாம் அப்போதே கைவசம் இருந்தன. மனிதரை இரும்புக்கு ஒப்பிடுவதே பிழை. களைக்கு ஒப்பிட்டவர்களின் பிழையும் அதுதானே. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லவேண்டும். கதவில் வாளை நிறுத்தியது இரும்பு, வெட்டுகிறவனின் கோபமல்ல. நல்ல இரும்பு வந்த இடத்தில் வாள் நின்றது. வெட்டிய கைக்கே ஒட்டவேண்டிய கடனும் இருந்தது. அங்கே நல்ல இரும்பைக் கண்டும் நிறுத்தவில்லை. ஒட்டும் கடனை ஒருவரும் ஏற்கவுமில்லை. கண்டும் பேசாத எங்களுக்கும் அதில் பங்குண்டு.

நாற்பது சென்ரிமீற்றரில் மினுங்கியது. புதுக் குழாயைப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, மூலைக்கு மூலை அளந்து, இரண்டு அளவும் ஒன்றானபின் முழுதாக ஒட்டினோம். பிறகு கிழவர் கீழ்ச் சட்டத்தின் அடியில் இரண்டு துளை போடச் சொன்னார். புதுக் குழாயில் துளையா என்று என் கை தயங்கியது. போட்டேன்.