அவரே கேட்டுத்தானே போனார்?



நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் லாரித் தொழிலை அறிந்தவர்களுக்கு ஒரு பேச்சு பழக்கமானது. வட இந்தியா போய்த் திரும்பிய டிரைவர், தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு அடுத்த லோடுக்குக் கிளம்பினார். வழியில் கண் அசந்து வண்டி கவிழ்ந்தது என்று வைத்துக்கொள்வோம். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் முதலாளி சொல்லுவார்: "நானா போகச் சொன்னேனுங்க? அவரேதானுங்க கேட்டு வாங்கிட்டுப் போனாரு."

அவர் சொல்வது பொய்யன்று. டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசும் தொழிலில் வீட்டில் படுத்திருந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. டிரைவர் கேட்கத்தான் செய்வார். ஆனால், வேலை செய்கிறவர் தாமே சம்மதித்துத் தம் தேகத்தைக் கெடுத்துக்கொண்டால், வேலை கொடுத்தவர்மேல் குற்றம் உண்டா, இல்லையா? இதை நாம் யோசிக்க வேண்டாமா?

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் சிறு கட்டளை ஒன்று இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும். வைக்காமல் விட்டு ஒருவன் விழுந்து செத்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். கவனியுங்கள்: விழுந்தவனை யாரும் தள்ளவில்லை. தன் காலால் ஏறினான், தன் அஜாக்கிரதையால் விழுந்தான். ஆனாலும் மோயீசன் சட்டம் அவனைக் குறை சொல்லாமல், சுவர் வைக்க வேண்டியவன் யார் என்றுதான் விசாரிக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஐந்தாம் கற்பனையில் ஆத்துமசோதனை செய்யும் நாம், கத்தியையும் விஷத்தையும் நினைக்கிறோமே ஒழிய, இந்த மாடிச் சுவரை நினைப்பதில்லை.

தூக்கம் கெட்ட டிரைவரின் காரியம் இதைவிடத் தெளிவானது. 1997-இல் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சியாளர் இருவர் வெளியிட்ட முடிவின்படி, 17 மணி நேரம் விழித்திருந்தவனுடைய கைத்திறன், இரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது கலந்தவனுடைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டுச் சட்டமோ அதற்கும் கீழே, 0.03 சதவிகிதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது. குடித்துவிட்டு வந்த டிரைவர் சாவியைக் கேட்டால் கொடுப்பீர்களா? "அவரேதான் கேட்டார்" என்று பிறகு சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் லாரி 50 மீட்டர் ஓடிவிடும். அந்த 50 மீட்டருக்குள் சைக்கிளில் போகிறவர் எதற்கும் சம்மதம் தரவில்லையே!

நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும், மாற்று டிரைவர் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. 2018-இல் அது தளர்த்தப்பட்டது. இரண்டாவது ஆளின் சம்பளம் மிச்சம் என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். கேபினும் பாடியும் கட்டுவதில் நாமக்கல் பட்டறைகளுக்கு நாடெங்கும் பேர் உண்டு. அந்தக் கேபினிலே படுக்கைப் பலகை இருக்கிறது. அதில் படுக்க நேரம் கொடுக்கிறோமா என்பதல்லவா கேள்வி? 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், தூர வழியானால் பத்து வரை என்று வரம்பு கட்டியது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்தவரை அது தொடவில்லை. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு அன்று சட்டத்தின் கண்டிப்பு இல்லை. மனச்சாட்சியின் கண்டிப்பு இருந்தது, இருக்கிறது.

குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளிலும் இதே கதைதான். முன்பணம் வாங்கித் தறியில் ஏறியவர் மீட்டர் கணக்குக்கு நெய்கிறார். நாள் முழுதும் தறிச் சத்தம். உள் காதிலுள்ள நுண்ணிய அணுக்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. மெல்லிய உயர்ந்த ஒலிகள் முதலில் போகும், அதாவது வீட்டுக் குழந்தையின் பேச்சு. காதடைப்பான் கொடுத்தாலும் கழற்றிப் போடுகிறார்கள் என்று முதலாளிமார் குறைப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் முன்பணத்தில் கட்டுண்டவர் இன்னும் இரண்டு தறி சேர்த்துப் பார்க்கிறேன் என்று சொன்னால், அதற்குப் பெயர் சம்மதமா? 13-ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891-இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' நிருபத்தில் இதற்கு நேரான விடை தருகிறார்: வறுமையாலோ, இதைவிடப் பெரிய கேட்டுக்குப் பயந்தோ கடின நிபந்தனைக்குத் தலையசைத்தவன் பலாத்காரத்துக்கும் அநியாயத்துக்கும் ஆளானவனே. 2025-இல் பாப்பரசரானவர் அதே பெயரைச் சூடியபோது அந்த நிருபத்தையே முக்கிய காரணமாகச் சொன்னார் என்பதை மறக்க வேண்டாம்.

ஜவுளிக்கடைக்குப் போகும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கடை ஊழியர் உட்கார நாற்காலி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அதுவரை அந்தப் பெண் பிள்ளைகள் நாற்காலி கேட்கவில்லை என்பதால் கால் வலிக்கவில்லை என்று அர்த்தமா?

லாரி முதலாளியும் பெரும்பாலும் தவணைக் கடனில் இருப்பவர்தான்; பல வீடுகளில் முதலாளியே டிரைவர். அவரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தம் சொந்த உடம்பையும் அவர் விருப்பம்போல் தேய்த்துவிட முடியாது. சரீரம் சர்வேசுரன் நம்மிடம் ஒப்படைத்த பொருள். அதிகாலையில் கேரளாவில் முட்டை இறங்க வேண்டும், நாளை மறுநாள் விடியுமுன் மும்பையில் ஜவ்வரிசி இறங்க வேண்டும் என்று போனில் கெடு வைக்கும் வியாபாரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேலத்திலிருந்து மும்பை 1,000 கிலோமீட்டருக்கும் அதிகம். மணிக்கு 50 என்று ஓடினாலும் 20 மணி நேரத்துக்கு மேல் சக்கரம் சுற்ற வேண்டும். கெடு வைக்கிறவர், டிரைவர் எந்த ஊரில் எத்தனை மணி நேரம் தூங்குவார் என்பதையும் அதே போனில் சொல்லட்டும்.