வரட்டும் அதிகாரி!

அத்திப்பட்டில் மாடு வைத்திருப்பவர்களிடம் சுகாதார ஆய்வு என்று பேச்செடுத்தால் மூன்று பதில்கள் தயாராக வந்து விழும். "மேல சாம்பல் கொட்டுது." "கீழ தண்ணி உப்பு." "ரோட்டுல லாரிப் புழுதி." மூன்றும் உண்மைதான். ஆனால் இந்த மூன்று உண்மைகளையும் அடுக்கி அதன் மேல் ஒரு பொய்யைக் கட்டி எழுப்புகிறோமே, 'இந்த ஊரில் சுத்தமாகப் பால் கறக்க முடியாது' என்று, அந்தப் பொய்யின் மேல்தான் எனக்குக் கோபம்.

நம் ஊரை ஒட்டிய வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் அலகுகள் 1990-களின் நடுவில் ஓடத் தொடங்கின. பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம். துறைமுகம், நிலக்கரி, எண்ணெய்க் கிடங்கு, கன்டெய்னர் லாரி. எதுவும் உங்களைக் கேட்டு வரவில்லை. அதற்காக மனுக் கொடுங்கள், மறியல் செய்யுங்கள், நீதிமன்றம் போங்கள். அது வேறு களம். ஆனால் விடியற்காலையில் மடிக்குக் கீழே வாளியை வைக்கிற கை, மின் நிலையத்தின் கை அல்ல அக்கா. உங்கள் கை!

நோயில்லாத மடியிலிருந்து இறங்கும்போது பாலில் கிருமி மிகக் குறைவு. பிறகு எங்கிருந்து வந்து சேருகிறது? காம்பின் தோலிலிருந்து, கறப்பவர் விரலிலிருந்து, வாளியிலிருந்து, வாளி கழுவிய தண்ணீரிலிருந்து. நான்கும் நீங்கள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கின்றன. கறந்த சூட்டிலேயே பால் கிடந்தால் அரை மணிக்கு ஒரு தடவை கிருமி இரட்டிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரத்தில் ஒன்று 256 ஆகிவிடும். கறந்த நாலு மணி நேரத்துக்குள் பால் மையம் போய்ச் சேர வேண்டும், சேர்ந்ததும் 4 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும் என்று விதி சொல்வது இதனால்தான். விதியைப் போட்டவருக்கு உங்கள் மேல் பகை ஒன்றும் இல்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். மீஞ்சூர் வட்டாரத்துக் கிணறுகளில் கடல் நீர் புகுந்த கதை 1960-களிலேயே தொடங்கிவிட்டது. காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல் நீரிலிருந்து நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் வரை குடிநீர் எடுத்துச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். பக்கத்து ஊர்க் கிணறு உப்பாகவே இருக்கிறது. இந்த வேடிக்கையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே நமக்கு வேண்டியது, அந்த உப்பு கேனுக்குள் என்ன செய்கிறது என்பதுதான். உப்பேறிய கடினத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் பாலின் புரதமும் சேர்ந்து உலோகத்தின் மேல் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. பால் கல் என்பது அதன் பெயர். படலம் மெல்லிசாக இருக்கும்வரை கண்ணுக்குக் கேன் பளபளப்பாகத் தெரியும். விரலால் தடவினால் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்புக்குள் கிருமி குடித்தனம் நடத்தும். காலையில் அருமையான பாலை அதில் ஊற்றுவீர்கள், மதியம் திரிந்துவிட்டது என்று மாட்டைத் திட்டுவீர்கள்.

இதை வெல்ல முடியும். கறந்து முடித்த கையோடு, பால் காய்வதற்கு முன், கொதிநீர் தொடாமல் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் அலசுங்கள். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் புரதம் வெந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சூடான தண்ணீரில் சலவைச் சோடாவோ பால் பாத்திரத்துக்கென்று விற்கும் காரத் தூளோ போட்டுத் தேய்ப்பு. பிறகு அலசல். உப்புத் தண்ணீர் ஊரில் வாரம் ஒரு முறையாவது பால் கருவிகளுக்கான அமிலக் கழுவல் கட்டாயம். பால் கல்லைக் கரைப்பது அமிலம்தான். கழிவறை ஆசிட்டைக் கொண்டுவந்து ஊற்றிவிடாதீர்கள், எவர்சில்வரை அரித்துவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், கிளம்பும் குளோரின் வாயு ஆளையே சாய்க்கும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். கேனைக் கவிழ்த்துக் காயவிடுங்கள், தரையில் வேண்டாம், சட்டத்தின் மேல். இன்னொன்று: சாம்பல் போட்டுத் தேய்ப்பது நம் பாட்டி காலத்துப் பழக்கம். அது விறகுச் சாம்பல். இப்போது வீட்டு மாடியில் படிவது நிலக்கரிச் சாம்பல். கன உலோகம் கலந்தது, கேனையும் கீறிவிடும். அதைப் பால் பாத்திரத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

கறக்கும் நேரத்தில் கொட்டகையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். படிந்து கிடந்த சாம்பல் முழுவதையும் எழுப்பி வாளிக்குள் வரவேற்பதற்குச் சமம் அது. அரை மணி முன்னதாகத் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள், காற்று வரும் பக்கம் படுதா கட்டுங்கள், வாளிக்கு மூடி போடுங்கள். காம்பைக் கழுவி, ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணியால் ஒற்றி எடுங்கள். முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விடுங்கள். திரியோ கட்டியோ தெரிந்தால் மடிநோய், அந்தப் பால் கேனுக்குப் போகக் கூடாது. ஊசி போட்ட மாட்டின் பாலும், மருந்து உறையில் பால் விலக்குக் காலமாக எழுதிய நாட்கள் முடியும் வரை போகக் கூடாது.

தீவனத்தையும் பாருங்கள். 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை உணவுப் பாதுகாப்பு ஆணையம் சோதித்தது. கலப்படம் என்று சிக்கியவை 12. பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பை மீறியவை 368. தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88! எண்ணிக்கையில் எல்லா மாநிலங்களிலும் நமக்குத்தான் முதலிடம். கடலைப் புண்ணாக்கில் பூத்த பூஞ்சையின் நஞ்சு மாட்டின் வயிறு வழியாகப் பாலுக்குள் வருகிறது. காய்ச்சினாலும் போகாது. கடற்காற்றின் ஈரம் குடிக்கும் ஊர் இது. புண்ணாக்கு மூட்டையைச் சுவரில் சாய்க்காமல் பலகை மேல் ஏற்றுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் காசு போனாலும் பரவாயில்லை, கொட்டிவிடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு எதற்கு நடுங்க வேண்டும்? 'ஆபீசர் வர்றார்' என்றதும் மாட்டைக் கொல்லைக்கு ஓட்டுவதும், அவசரமாகச் சுண்ணாம்பு அடிப்பதும், தெரிந்த கட்சிக்காரருக்குப் போன் போடுவதும் எதற்கு? சட்டத்தைக் கொஞ்சம் படியுங்கள் அண்ணே. கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்து பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றினால் உங்களுக்குத் தனிப் பதிவு தேவையில்லை. வீடு வீடாகவும் டீக்கடைக்கும் ஊற்றினால் பதிவு வேண்டும்; நாளுக்கு 500 லிட்டர் வரை கையாள்பவருக்கு அது எளிய பதிவுதான். குறை கண்டால் எடுத்த எடுப்பில் உரிமத்தை ரத்து செய்வது நடைமுறை அல்ல. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, முதலில் திருத்திக்கொள்ளச் சொல்லி அறிவிப்புத் தர வேண்டும், குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது. மாதிரி எடுத்தால் அதன் விலையை அவர் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். அழுக்கான இடத்தில் உணவுத் தொழில் நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். காரணமில்லாமல் வேண்டுமென்றே தொல்லை கொடுக்கும் அதிகாரிக்கு 39-ஆம் பிரிவின்படி அதே ஒரு லட்சம் வரை! இந்த இரண்டாவது வரி நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று நூறு தடவை சொல்லச் சொல்கிறார்கள் மேடைப் பேச்சாளர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட உறுதியான சோதனை ஒன்று சோதனைக்கூடத்தில் இருக்கிறது. பத்து மில்லி பாலில் ஒரு மில்லி மெத்திலீன் நீலம் விட்டு, 37 டிகிரி வெந்நீரில் குழாயை நிறுத்துவார்கள். கிருமி மிகுந்த பால் அரை மணிக்குள் வெளுத்துவிடும். ஐந்து மணி நேரம் தாண்டியும் நீலம் நின்றால் மிக நல்ல பால். அந்தக் குழாய்க்கு உங்கள் சாதி தெரியாது, சிபாரிசு தெரியாது, நீங்கள் சாம்பல் ஊர்க்காரர் என்பதும் தெரியாது. கழுவின கையை மட்டும் தெரியும். மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ரொம்பத் தூரமில்லை. பால் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று போய்க் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், அது உங்கள் வரிப்பணத்தில் நடப்பது.

சோதனையில் வந்த முடிவை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். தடுப்பூசி போட்ட நாள், மடிநோய் கண்ட மாடு, அமிலக் கழுவல் செய்த நாள், கறவை இயந்திரம் இருந்தால் அதில் காம்பில் மாட்டும் ரப்பர் லைனரை மாற்றிய நாள், எல்லாம் அதிலேயே. கொட்டகை வாசலில் கிருமிநாசினி கரைத்த தண்ணீரை ஒரு தொட்டியில் வையுங்கள். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி வரும்போது கும்பிடு போட்டு ஒதுங்காதீர்கள். நோட்டை அவர் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு, "காலை அதுல நனைச்சுட்டு உள்ள வாங்க சார்" என்று சொல்லுங்கள்.