கேட்டலும் தெளிதலும்

பல்கலைக்கழகங்களிலே கணிதநூல் வல்லாரும் அளவைநூல் வல்லாரும் தாம் புதிதாக ஆராய்ந்து கண்டவற்றைத் தம்மொத்த புலமையோர் அவையில் எடுத்துரைப்பர். உரைப்போர் ஒவ்வொரு படியாகக் கரும்பலகையில் எழுதிக் காட்ட, கேட்போர் ஐயுற்றவிடத்து இடைமறித்தும் வினவுவர். அங்ஙனம் ஒருவர் உரைத்தது பின்னர்க் குறையுடைத்தெனக் காணப்படின், அவர் பொய்யுரைத்தவராவரோ? அவை உடன்பட்டமைதானே மெய்ம்மைக்கு அளவையாமோ? இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பெர்மா என்னும் பிரெஞ்சு நாட்டறிஞர் 17ஆம் நூற்றாண்டிலே ஒரு கூற்று எழுதிவைத்தார். இரண்டின் மிக்க அடுக்கு எதனை எடுப்பினும், சுழியொழிந்த ஒரு முழுவெண்ணின் அவ்வடுக்கு, அத்தகைய வேறிரண்டு முழுவெண்களின் அதே அடுக்குக்களைக் கூட்டிய தொகையாதல் இல்லை என்பது அது. நிறுவலைத் தாம் கண்டதாகவும், ஏட்டின் ஓரம் அதற்கு இடம் போதாதெனவும் அவர் குறித்தமையால், பின்வந்தோர் முந்நூற்றைம்பது யாண்டளவும் இடருற்றனர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ வைல்ஸ் ஏழியாண்டளவு பெரும்பாலும் மறைவாகவே இதில் உழைத்து, 1993 ஜூன் 21, 22, 23 ஆகிய நாள்களில் கேம்பிரிட்ஜிலுள்ள ஐசக் நியூட்டன் நிலையத்தில் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். தலைப்பில் பெர்மாவின் பெயரே இல்லை. மூன்றாம் நாள் முடிவில் அக்கூற்றினைப் பலகையில் எழுதி, இவ்வளவில் நிறுத்துவதாகக் கூறி அமைந்தார். அவை ஆரவாரித்தது, செய்தித்தாள்கள் உலகெங்கும் பறைசாற்றின.

பின்னர் அந்நிறுவலை வரிவரியாகப் படித்தோருள் ஒருவராகிய நிக் காட்ஸ் ஐயங்களை எழுதி எழுதி வினவினார். பலவற்றிற்கு உடனே விடை வந்தது, ஒன்றற்கு வரவில்லை. அவ்விடத்தே நிறுவலில் ஓர் இடைவெளி இருந்தது. வியப்பு யாதெனின், கேம்பிரிட்ஜுச் சொற்பொழிவுக்கு முன்னரே வைல்ஸ் பிரின்ஸ்டனில் இப்பகுதியை வகுப்பாக நடத்தியபோது, மாணாக்கர் ஒருவர்பின் ஒருவராக நீங்கவும், இறுதிவரை இருந்து கேட்டவர் இக்காட்ஸே ஆவர். கேட்டபோது காணாததனை அவரே படித்தபோது கண்டார். நம் சித்தாந்த நூல்கள் கேட்டலையும் சிந்தித்தலையும் தெளிதலையும் வேறுவேறு படிகளாக வைத்தமையின் நுட்பம், ஞானநெறிக்கேயன்றி எண்ணூற்கும் பொருந்துதல் காண்க. கைதட்டல் முதற்படியிலே நிகழ்ந்துவிட்டது.

இனி, வைல்ஸ் பொய்யுரைத்தாரோ எனின், அன்று. உள்ளதென நம்பியதனை உள்ளதென்றல் பிழையாகலாம், பொய்யாகாது. ஆயின் குறை தெரிந்தபின் சில திங்கள் அதனைப் பொதுவில் அறிவியாது இருந்து, 1993 டிசம்பர் 4ஆம் நாளே உலகறியத் தெரிவித்தார். திருத்திவிடலாமென்னும் நம்பிக்கையால் அங்ஙனம் இருந்தாரென்பர். அதுவும் பொய்யன்று என்றே யாமும் கொள்வோம். எனினும் முற்றும் புகழ ஒருப்படோம். ஒருவர் நிறுவலை நம்பி அதன்மேற் கட்டுவோர் பிறர் பலர் உளராகலின், அடித்தளத்து விரிசலை அறிந்தோர் வாளாவிருத்தல் அவர்க்கு இழைக்கும் தீங்காய் முடியும். ஏழியாண்டு மறைவு குறித்தும் எமக்கு இக்கருத்தே. மனவொருமைக்கு அது துணைசெய்திருக்கலாம். வினவுவாரை மட்டும் தொலைவில் நிறுத்திற்று.

1994 செப்டம்பர் 19இல், முன்பு தாம் கைவிட்ட வழியே இடைவெளியை நிரப்புமென வைல்ஸ் கண்டார். 1995இல் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று ரிச்சர்ட் டெய்லரோடு கூடி எழுதியது.

அவையின் ஆரவாரம் அளவையாகாதவாறே அதன் மௌனமும் ஆகாது. 1930 செப்டம்பர் 7இல் கோனிக்ஸ்பர்க் நகரத்து நிகழ்ந்த கலந்துரையாடலில், இருபத்துநான்கு யாண்டினரான குர்ட் கோடல், மெய்யாயிருந்தும் கணித முறையின் விதிகளால் நிறுவலாகாத கூற்றுக்கள் உள என்று சுருங்கச் சொன்னார். பெரும்பாலோர் பொருட்படுத்திலர். வான் நாய்மன் என்பார் மட்டும் அவரைத் தனியே கண்டு வினவினார். ஊர் திரும்பியும் அதனையே சிந்தித்து, முரணற்ற அத்தகைய முறை தன் முரணின்மையைத் தானே நிறுவமாட்டாதென்னும் முடிவுங் கண்டு, நவம்பரில் கோடலுக்கு எழுதினார். அதனைத் தாம் முன்னரே கண்டு கட்டுரையிற் சேர்த்துள்ளதாகக் கோடல் விடையெழுத, வான் நாய்மன் தம் பெயரால் அதனை வெளியிடாது விடுத்தார்.